ஹெட்செட்டில் செய்த சத்தியம்

நான் பேசிப் பிழைக்கிறவள். திருப்பதியில் ரேணிகுண்டா சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, வாங்கின மிக்சி ஓடவில்லை, ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்குத் தெலுங்கிலும் தமிழிலும் பதில் சொல்கிற வேலை. எதிரே இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் என் குரல் ஏறாது. என் பாட்டியைத் திட்டினாலும் "தங்கள் சிரமம் புரிகிறது சார்" என்றுதான் சொல்வேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு என் அழைப்புகளைப் போட்டுக் காட்டிச் சொல்லித் தருவார்கள். படிப்பு சுமார், முகம் சுமார், கல்யாணம் தட்டிக்கொண்டே போய்க் கடைசியில் அந்தப் பேச்சையே வீட்டில் விட்டுவிட்டார்கள். கர்வப்பட எனக்கு இருந்தது குரல் ஒன்றுதான். அந்தக் குரல்தான் என்னைப் பொய்க்காரி ஆக்கியது.

எங்கள் ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டில் தமிழ், தாலுகா மாதிரியான மண்டல் ஆபீசில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். அப்பாவை நைனா என்போம். என் நைனா செத்த பிறகு அம்மாவும் நானும் சித்தப்பா வீட்டோடு இருந்தோம். ஒரே வீடு, ஒரே உலை. சித்தப்பாவுக்கு ஒரு பெண், ஒரு பையன். அவர்களைச் சித்தப்பா பிள்ளைகள் என்று யாராவது பிரித்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். தங்கைக்கு நான்தான் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். தம்பி சித்தூரில் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, முதல் நாள் போட்டுக்கொள்ள நல்ல சட்டை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். திருப்பதியில் அறை எடுத்துத் தங்கிய பிறகும், வார விடுமுறை கிடைத்தால் நேரே ஊருக்குப் பஸ் ஏறிவிடுவேன்.

தங்கை புத்தூர் காலேஜில் படித்த காலத்தில் ஒரு பையனோடு பழக்கம் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தது, போனில் பேசியது, ஒருமுறை திருத்தணி கோயிலுக்குச் சேர்ந்து போனது, அவ்வளவுதான். சித்தப்பாவுக்குத் தெரிந்து வீடு இரண்டுபட்டது. அவளைச் சமாதானம் பண்ணி, அந்தப் பையனிடமும் பேசி முடித்து வைத்தது நான். வீட்டுக்குள் நடந்தது வீட்டுக்குள்ளேயே புதைந்தது. அதற்குப் பிறகு அவளுக்குச் சத்தியவேடு பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையன் ஒரு கம்பெனியில் வேலை, சொந்த நிலம், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. நிச்சயத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது. சித்தி புடவை எடுக்க நகரிக்கும் புத்தூருக்கும் அலைந்துகொண்டிருந்தாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, ஒரு காலையில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. "உங்க பொண்ணு கதை எங்களுக்குத் தெரிஞ்சி போச்சி, விட்டுடுங்க" என்று பையனின் அம்மா சொல்லி வைத்துவிட்டாளாம். பஸ், போன், திருத்தணி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாளாம்.

அந்தப் பழைய பையனுக்கு இந்தச் சம்பந்தம் எதுவென்றே தெரியாது. வீட்டில் விஷயம் தெரிந்தவர்கள் யார்? சித்தப்பா, சித்தி, அம்மா, தம்பி, நான். சித்தப்பாவும் சித்தியும் பெற்றவர்கள். அம்மாவுக்கு வாசல் தாண்டி யாரும் பழக்கமில்லை. தம்பி ஆண்பிள்ளை, கூடப் பிறந்தவன். மிச்சம் இருந்தது வயதாகியும் கல்யாணம் ஆகாமல், வெளியூரில் தனியாக இருந்து, ஊர்பேர் தெரியாதவர்களோடு நாளெல்லாம் பேசுகிற நான். இதற்கு யோசனையே தேவைப்படவில்லை. "தான் கெட்ட கொரங்கு வனத்தையும் சேத்து கெடுத்துச்சாம்" என்று சித்தி சொன்னாளாம். அம்மா பிறகு அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள்.

அன்றைக்கு எனக்குப் பகல் ஷிப்ட். சாப்பாட்டு நேரத்தில் வீட்டிலிருந்து வீடியோ இல்லாத அழைப்பு வந்தது. ஊரில் லீவுக்கு வந்திருந்த தம்பி தன் லேப்டாப்பில் இருந்து கூப்பிட்டிருந்தான். எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று குரல்களிலிருந்தே தெரிந்தது. நான் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன்.

சித்தப்பா சுற்றி வளைக்கவில்லை.

"எம்மா, நீ எதனா சொன்னியா அவங்களாண்ட?"

"எதைச் சித்தப்பா?"

"இன்னாத்த எதை? தெரியாத மாதிரி கேக்காத. சம்பந்தம் உட்டுப்போச்சி."

நான் சொல்லவில்லை என்றேன். பின்னே யார் சொன்னது என்றார். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். சித்தி நடுவில் புகுந்து, தனக்கு ஆகவில்லை என்றால் தங்கைக்கும் ஆகக் கூடாதா என்று கேட்டாள்.

சித்தப்பா சொன்னார்: "பேச்சு எதுக்கு? காணிப்பாக்கம் புள்ளாரு மேல பிரமாணம் பண்ணு. அவ்ளோதான்."

எங்கள் பக்கத்தைச் சேராதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். சித்தூருக்குப் பக்கத்தில் காணிப்பாக்கத்தில் இருக்கிற பிள்ளையார், வரசித்தி விநாயகர், சத்தியத்துக்குப் பேர்போனவர். கோயில் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு அவர் முன்னால் நின்று பொய்ச்சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்பது எங்கள் ஜில்லாவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மாடு திருடினவன், குடியை விட்டுவிட்டேன் என்று பெண்டாட்டியை ஏமாற்றினவன், வரப்பை நகர்த்தினவன் எல்லோரும் குளத்துப் படியிலேயே உண்மையைக் கக்கிவிட்டுத் திரும்பி வந்த கதைகள் உண்டு. எலும்பு ஒடிந்தால் கட்டுப் போடப் புத்தூர், வார்த்தை ஒடிந்தால் காணிப்பாக்கம் என்று வேடிக்கையாகச் சொல்வோம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதற்கு மேல் ஒரு விதியும் வைத்திருக்கிறார்கள். அவர் பேரைச் சொல்லிச் சத்தியம் செய்யும்போது வார்த்தை ஒரே மூச்சில் வர வேண்டும். திக்கினால், நின்றால், இழுத்தால், சாமி நாக்கைப் பிடித்துக்கொண்டார் என்று அர்த்தம். ஆகவே சத்தியம் செய்கிறவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. வார்த்தையைத்தான் கேட்பார்கள்.

எனக்குப் பயமே இல்லை. உண்மையும் என் பக்கம், குரலும் என் பக்கம். "தாராளமா பண்றேன் சித்தப்பா" என்று சொல்லி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன்.

"காணிப்பாக்கம்..." என்றேன். நான் அடுத்த வார்த்தைக்குப் போகும்போது என் காதுக்குள் என் குரலே பின்னால் வந்து "காணிப்பாக்கம்" என்றது. நான் வேறு ஏதோ சொல்கிற நேரத்தில் அது முன் சொன்னதைச் சொன்னது. "வர... வரசி... வரசித்தி..." நாக்கு எனக்கு முன்னால் போவதா பின்னால் வருவதா என்று தெரியாமல் வாய்க்குள் உருண்டது. நிறுத்தினேன். காதுக்குள் குரலும் கொஞ்சம் தள்ளி நின்றது. மறுபடி தொடங்கினேன். மறுபடி அதே தடுமாற்றம். குடித்தவன் பேசுகிற மாதிரி வார்த்தைகள் நீண்டன, ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்தது. "விநா... விநாய... மேல ஆ... ஆணை..."

"சித்தப்பா, என் குரலே திரும்பி வருது, ஒரு நிமிஷம்" என்றேன். அதையும் திக்கித் திக்கித்தான் சொன்னேன்.

"எங்களுக்கு நல்லாத்தானே கேக்குது" என்றார் சித்தப்பா.

ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனைக் காதில் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். போனுக்குள்ளும் அந்தக் குரல் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டுமா? சித்தி அந்தப் பக்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அப்படித்தான் செய்தாளாம்.

"வேணாம். நேர்ல வரேன். குளத்துல முழுகி சொல்றேன். இப்பவே பஸ் ஏறிடறேன்" என்று கத்தினேன்.

"ஒருவாட்டி சாமிய சோதிச்சது போதும்மா" என்றார் சித்தப்பா. அவர் குரலில் கோபம் இல்லை. என்மேல் இரக்கப்பட்டார். அந்த இரக்கத்துக்கு அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அழைப்பு அறுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மேலே போய் யாரோ ஒரு கடப்பாக்காரருக்கு வாஷிங் மெஷின் தண்ணீர் ஒழுகுவதைப் பற்றிப் பதில் சொன்னேன். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது. அன்னியரிடம் பேச முடிகிற நாக்கு அந்த ஒரு சத்தியத்துக்கு மட்டும் ஏன் மடங்கியது? உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், கொஞ்ச நாள் நானே என்னைச் சந்தேகப்பட்டேன். என்னை அறியாமல் யாரிடமாவது உளறினேனா என்று ராப்பகலாக யோசித்தேன்.

வாரா வாரம் ஊருக்குப் போவது நின்றது. போனபோது சித்தி சாப்பாடு போட்டாள், பேசவில்லை. என் அம்மா பேசினாள், ஆனால் என்ன பேசினாள்? சமையல்கட்டில் யாரும் இல்லாதபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உண்மைய சொல்லிடும்மா. பெத்தவகிட்ட சொன்னா நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். சித்தி சொன்னதைக் கூட மறந்துவிடுவேன். இதை மறக்க மாட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பொய்க்காரி என்ற பேர் இல்லாமல் அந்த வீட்டு வாசல்படியை மிதிக்க வேண்டும். அதற்கு வழிதான் தெரியவில்லை.

வழி ஆபீசில் கிடைத்தது. என் பக்கத்து சீட்டில் இருக்கிற பெண், டீ குடிக்கும்போது தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டிச் சிரித்தாள். யாரோ ஒருவன் முகம் காட்டாமல், குரலை மாற்றிக்கொண்டு ஒரு கூரியர்க்காரரைக் கூப்பிட்டுப் பேசுகிறான். அந்த மனிதர் பேசப்பேச, அவர் குரலையே கொஞ்சம் தாமதமாக அவர் காதுக்குத் திருப்பி அனுப்புகிறான். பாவம், அவர் விலாசம் சொல்ல முடியாமல் திக்குகிறார், திட்டுகிறார், திட்டுவதற்கும் திக்குகிறார். அவருக்கு மட்டும்தான் அந்தக் குரல் கேட்கும், கேட்டுக்கொண்டிருக்கிற நமக்குக் கேட்காது. சொந்தக் குரல் பின்தங்கி வந்து காதில் விழுந்தால் யாருக்கும் நாக்கு ஒத்துழைக்காதாம். அவள் விளக்கமாகச் சொன்னாள். வீடியோவின் முடிவில் கூப்பிட்டவன் மூக்கால் விட்டுவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். தம்பி தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து அப்படித்தான் சிரிக்கிறான்.

டீ தம்ளரை அப்படியே வைத்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லிவிட்டுச் சித்தூருக்குப் பஸ் ஏறினேன். வழியில் காணிப்பாக்கம் போகிற ரோட்டு முனையில் பஸ் நின்று, தேங்காய்ப் பைகளோடு கூட்டம் இறங்கியது. நான் இறங்கவில்லை. அவருக்கும் எனக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை.

தம்பி கடையில் ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. கேட்க வேண்டியதே இல்லை. ஆனாலும் கேட்டேன். அவன் என்னைக் கடைக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்தான்.

"சரதாவுக்கு, சும்மா வெளாட்டுக்கு பண்ணேன்கா. எல்லாரும் கோவமா கீறாங்களே, கொஞ்சம் சிரிக்கட்டும்னு. நீ அலோ சொல்லும்போதே ஆன் பண்ணிடலாம்னு பார்த்தேன், லேட்டாயிடிச்சி. அதுக்குள்ள நைனா பிரமாணம்னாரு."

"தெரிஞ்சதும் நிறுத்தியிருக்கலாமே?"

"பயந்துட்டேன்கா. எல்லாரும் பக்கத்துலயே உக்காந்துகினு கீறாங்க. பிரமாணத்துல வெளாடுனேன்னு தெரிஞ்சா நைனா கொன்னுடுவாரு."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே? இத்தனை மாசமா?"

அவன் தலை குனிந்துகொண்டான். பிறகு ஏதோ பெரிய ஆறுதல் சொல்கிறவன் மாதிரி நிமிர்ந்து, "காணிப்பாக்கம் போயி மன்னிப்பு கேட்டுட்டேன்கா. முழுகிட்டு, தேங்கா ஒடச்சி, கன்னத்துல தப்பு போட்டுக்கினு வந்துட்டேன்" என்றான்.

சாமியிடம் கேட்டானாம். என்னிடம் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டது பிள்ளையார் என்று எண்ணிவிட்டான் போலிருக்கிறது. ரோடு என்று பார்க்காமல் ஓர் அறை விட்டேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தம்பி கன்னத்தைத் தடவிக்கொண்டு, "எங்க அக்கா" என்று பல்லைக் காட்டி அவரிடம் சமாளித்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து எல்லோர் முன்னாலும் இதைச் செய்து காட்டாவிட்டால், இந்த வீடியோவோடு நான் உன் நைனாவிடம் போவேன் என்றேன். வருகிறேன் என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரை நான் தரையில் நடக்கவில்லை. அம்மாவுக்குப் புடவை வாங்கினேன். சித்திக்கும் வாங்கினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க. மன்னிப்பு கேட்டால் என்ன சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்துக்கொண்டேன். "விடுங்க சித்தி, தெரியாம நடந்துடிச்சி" என்று பெருந்தன்மையாகச் சொல்வதாக முடிவு.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். தங்கைக்கு அப்போது வரதய்யபாளையம் பக்கத்தில் வேறு இடம் முடிவாகியிருந்தது. அவள் கதவோரம் நின்றாள். தம்பி அழுதுகொண்டே விஷயத்தைச் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தான். சித்தப்பா நம்பவில்லை. "என் நாக்க எவன்டா புடிப்பான்?" என்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். பஞ்சாயத்தில் மணிக்கணக்கில் பேசுகிற மனிதர். "நான் சொல்றது இன்னான்னா" என்று அவர் வழக்கமான ஆரம்பத்தை எடுத்தார். "நான்... நா... சொல்... சொல்றது..." என்று அப்படியே நின்றுவிட்டார். கண்ணை உருட்டினார். மறுபடி முயன்றார். "இன்... இன்னா... இன்னான்..."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சித்தப்பாவே சிரித்துவிட்டார். அடுத்து சித்தி மாட்டிக்கொண்டு பாயசத்துக்கு என்னென்ன போட வேண்டும் என்று சொல்லப்போய், சேமியாவிலேயே சிக்கிக்கொண்டு, சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொருவாட்டி, இன்னொருவாட்டி" என்று சித்தப்பா கேட்டார். வீட்டில் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நான் மட்டும், சிரிப்பு அடங்கட்டும், பிறகு என் பக்கம் திரும்புவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

தானாக யாரும் திரும்பவில்லை. நானேதான், "அப்ப அன்னிக்கி சாமி என் நாக்க புடிக்கல, இல்ல சித்தப்பா?" என்று கேட்டேன்.

சித்தப்பா ஹெட்செட்டை மடித்து வைத்தார். "இவன் வெளாடுனது தப்புதான். பெரியவங்களாண்ட வெளாடாதன்னு எத்தினிவாட்டி சொல்றது?" என்று பையனைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "அதுக்கின்னு நீ சொல்லலன்னு ஆயிடுமாம்மா? நாக்கு தடுமாறுனதுக்கு இவன் காரணம். சேதி வெளிய போனதுக்கு யாரு காரணம்? கால் மொளச்சா போச்சி?" என்றார்.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மிசினுதான் கெடுத்துச்சின்னே வெச்சிக்கோ. நெஜம் சொல்றவளா இருந்தா சாமி அந்த மிசின நிறுத்தியிருக்காதா? கரண்டு போயிருக்காதா, சார்ஜாவது தீர்ந்திருக்காதா? அவரு கண்ணு மூடிக்கினா கீறாரு?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மேல் சுமத்திய பழிக்கு இருந்த ஒரே சாட்சியை நான் உடைத்துக் காட்டிவிட்டேன். சாட்சி உடைந்தது, பழி அப்படியே நின்றது. புடவைப் பைகளை அங்கேயே வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று புறப்பட்டேன்.

பஸ் நிறுத்தத்துக்குத் தங்கை கூட வந்தாள். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. ஆலமரத்தடிக்கு வந்ததும், ரோட்டின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான்தான் சொன்னேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"அந்த சத்தியவேடு மாப்ள போன்ல நல்லா பேசுனாரு. முன்னாடி எதனா இருந்தா சொல்லிடு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்னாரு. மறைச்சி கட்டிக்கக் கூடாதுன்னு நானே எல்லாத்தையும் சொல்லிட்டேன். மறுநாளு காலைல அவங்கம்மா போன் பண்ணிட்டாங்க."

"அன்னைக்கு நீ ஏன்டி வாயைத் திறக்கல?"

"எப்பிடிக்கா திறக்கிறது? கதவாண்ட நின்னுகினு இருந்தேன். நீ பிரமாணத்த முடிச்சிட்டா அடுத்தது என்னைத்தான் பண்ணச் சொல்லுவாங்கன்னு கையும் காலும் ஓடல. அப்பதான் உன் நாக்கு தடுமாறுச்சி." அவள் விம்மினாள். "காணிப்பாக்கம் சாமியே வந்து என்னைக் காப்பாத்திட்டாருன்னு நெனச்சேன்கா. அன்னிலேந்து தெனமும் அவருக்கு வெளக்கு போடறேன்."

அவளை அடிக்கக் கை எழுந்தது. தம்பியை அடித்த கைதான். ஆனால் இவள் அழுகிறாள், அதுவும் சின்ன வயதில் அழுத அதே மாதிரி, வாயைக் கோணிக்கொண்டு. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஒருவனை நம்பி உண்மை பேசினாள், அதற்கு அடி வாங்கினாள். பிறகு வாயை மூடக் கற்றுக்கொண்டாள். அந்தப் பாடத்துக்கான விலையை நான் கட்டினேன். கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தால் இரண்டுக்கும் அர்த்தமில்லாமல் போய்விடுகிறது.

"இப்ப வந்த இவரு எதுவும் கேக்கல, நானும் சொல்லல. இந்தக் கல்யாணம் முடியிற வரிக்கும் விட்டுடுக்கா. அப்புறம் நானே நைனாகிட்ட சொல்றேன். உன் மேல ஆணை."

பஸ் வந்தது. பை வாரை அவள் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு ஏறினேன்.

நான் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சொல்லியிருந்தால் யார் நம்புவார்கள்? ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தைக் கெடுத்தவள் இன்னொன்றையும் கெடுக்கப் பார்க்கிறாள் என்பார்கள். ஒருவேளை நம்பிவிட்டால், அவள் கல்யாணம் நின்றுபோகும். இந்த இரண்டில் எதற்காக வாயை மூடினேன் என்று எனக்கே தெரியவில்லை. நல்ல காரணம் ஒன்று இருந்தது, கெட்ட காரணம் ஒன்று இருந்தது, இரண்டும் ஒரே பக்கம் இழுத்தன.

கல்யாணம் புத்தூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் போகவில்லை. எனக்கு ஷிப்ட் இருந்தது, இல்லாவிட்டாலும் கேட்டு வாங்கியிருப்பேன். முகூர்த்தம் முடிந்த பிறகு அம்மா மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து போன் செய்தாள். நாதஸ்வரம் பின்னால் கேட்டது. பொய்ச்சத்தியம் பண்ணின முகத்தைச் சபையில் காட்டக் கூச்சப்பட்டு நான் வரவில்லை என்று சித்தி வந்தவர்களிடமெல்லாம் சொல்கிறாளாம். தங்கையும் மணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாளாம்.

பிறகு, யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"நீ வந்து உன் தங்கச்சியாண்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்குமேம்மா."

என் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "துன்னியாம்மா?" என்று கேட்டேன். இன்னும் இல்லை, இப்போதுதான் பந்தி போடுகிறார்கள் என்றாள்.